வண்டு தொடாத பூ

எங்கள் தோட்டத்தில் ஒரு பூச்சிகூட இல்லை என்று ஊருக்கு அறிவித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. உண்மை பேசுகிற பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதில் எனக்கு இருந்த அக்கறை எங்கள் வீட்டில் வேறு எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

தோட்டம் என்றவுடன் வீட்டோடு சேர்ந்த வளவு என்று நினைத்துவிட வேண்டாம். நாங்கள் ஜெர்மனியில் ஹம் நகரத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். எங்களிடம் இருந்த மண் எல்லாம் ஜன்னலோரக் கறிவேப்பிலைச் சாடிக்குள் அடங்கிவிடும். ரயில் பாதைக்கு அப்பால், பற்றை வேலி வைத்துப் பிரித்த சின்னச் சின்னத் துண்டு நிலங்களை ஒரு தோட்டச் சங்கம் மாடிவீட்டுக்காரருக்குக் குத்தகைக்குக் கொடுத்துவந்தது. வேலி எவ்வளவு உயரம் வளரலாம், புல்லு வெட்டும் மெசினை எந்த நேரத்தில் தொடக்கூடாது, எவ்வளவு இடத்தில் மரக்கறி இருக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அங்கே விதி உண்டு. முதல் வருடம் பார்வைக் காலம், எங்களுக்கு அதுதான் நடந்துகொண்டிருந்தது. சங்கத்துக்கு எங்களைப் பிடித்திருந்தால் நிலம் எங்களோடு இருக்கும், பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

ஜெர்மனிக்கு வந்த பிறகு அம்மா வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அந்தத் தோட்டம். முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவருக்கு வேலை. அங்கே நாள் முழுக்க உருளைக்கிழங்கு அவித்துவிட்டு வந்து, ஒருவரோடும் பேசாமல் சோபாவில் இருப்பார். தோட்டம் கிடைத்த பிறகு வேலை முடிந்ததும் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கேதான் போவார். பூசணி, பயற்றை, கத்தரி, மிளகாய் என்று எல்லாம் வைத்தார். செடிகளோடு அவர் சத்தம் போட்டுக் கதைப்பதைக் கேட்டபோதுதான் என் அம்மா இவ்வளவு பேசக்கூடியவர் என்று எனக்குத் தெரிந்தது.

மரக்கறி அம்மாவுடையது, பூ அப்பாவுடையது. வாசல் பாதையோரம் ஒரு பாத்தி முழுக்க அவர் செவ்வந்தியும் சீனியாவும் நட்டார். அந்தக் கோடையில் அந்தப் பூக்களுக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த மாமிக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, இதயத்தில் ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்று டாக்குத்தர்மார் சொல்லிவிட்டார்கள். தாயை இழந்த அப்பாவைத் தூக்கி வளர்த்தவர் அந்த மாமிதான். தம்பிமார் ஆளாகட்டும் என்று தான் கலியாணமே கட்டாமல் இருந்தவர். அப்பாவால் போய்ப் பார்க்க முடியாது. அவருடைய அகதிக் கடவுச்சீட்டில் உலகமெல்லாம் சுற்றலாம், அந்த ஒரு நாட்டைத் தவிர.

போக முடியாதவர் நேர்த்தி வைத்தார். ஒரு மண்டலம், விடியலில் தன் கையால் பிடுங்கிய புதுப் பூவால் பிள்ளையாருக்கு நூற்றெட்டுப் பெயர் சொல்லி அர்ச்சனை. ஒரு பெயருக்கு ஒரு பூ. ஒரு நாளும் தவறக்கூடாது. மண்டலம் முடிவதற்கு முன் மாமிக்கு ஒப்பரேசன் நடக்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் தொடங்கினார்.

பூவிலும் சட்டம் இருந்தது. கடைப் பூ ஆகாது, எத்தனை பேருடைய கை பட்டதோ. தெருவோரப் பூவும் ஆகாது, நாய்கள் நடக்கிற இடம். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டு தொட்டிருக்கக் கூடாது. வண்டு வந்து இருந்து எழும்பிய பூ எச்சில் பூ. எச்சிலை நாங்களே ஒருவருக்கொருவர் கொடுப்பதில்லை, சாமிக்குக் கொடுக்கலாமா? ஆகவே பூச்சிகள் எழும்புவதற்கு முன் அப்பா எழும்பிவிடுவார். இரவு வேலை முடித்து வந்த நாட்களில் படுக்காமலே குளித்து, திருநீறு பூசி, சைக்கிளில் தோட்டத்துக்குப் போவார்.

பள்ளி விடுமுறை என்பதால் நானும் பின்னால் ஏறிக்கொள்வேன். ஊரில் என்றால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற பூவெல்லாம் முதலில் எழும்புகிறவனுக்குச் சொந்தம் என்று அப்பா சொல்லுவார். இங்கே அப்படி எட்டினால் பொலிஸ் வரும் என்பது அம்மாவின் பதில். எங்கள் பாத்தியில் விரிந்திருப்பதெல்லாம் நூற்றெட்டுக்குத்தான் மட்டுமட்டாகச் சரிவரும். முகர்ந்து பார்த்துவிடக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே பிடுங்குவோம். முடிந்ததும் அப்பா கூடையைத் தொலைபேசிக்குக் காட்டுவார். திரையில் மாமி கட்டிலில் சாய்ந்தபடி இருப்பார். ஒரு நாள் மாமி, "எவ்வளவு பூவடா தம்பி, எனக்கே இது எல்லாம்?" என்று கேட்டார். பிள்ளையாருக்கு என்று அப்பா திருத்தினார். மாமி சிரித்துவிட்டு மூச்சு வாங்கினார்.

இந்த நிலையில்தான் சங்கத்தில் பூச்சி எண்ணத் தொடங்கினார்கள். நாட்டில் பூச்சிகள் குறைந்துவருகின்றன, அறிவியலாளர்களால் எல்லா இடத்துக்கும் போக முடியாது, ஆகவே பொதுமக்களே அவரவர் தோட்டத்தில் எண்ணிச் சொல்ல வேண்டும் என்று எங்கள் பக்கத்துத் தோட்டத்து அம்மையார் தோட்டம் தோட்டமாக வந்து விளக்கினார். தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். வெயிலானாலும் மழையானாலும் பச்சை ரப்பர் சப்பாத்துத்தான். எங்களோடு பேசும்போது மட்டும், எங்களுக்குக் காது மந்தம் என்பது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார். ஆனால் பெரியவர்களை விட்டு என்னிடம் வேலையை ஒப்படைத்த ஒரே ஜெர்மன்காரரும் அவர்தான்.

எங்கள் தோட்டத்தில் அதிகம் பூக்கிற இடம் எது என்று கேட்டார். நான் பெருமையோடு அப்பாவின் பாத்தியைக் காட்டினேன். அவர் அதைச் சுற்றி ஒரு கயிற்றைப் போட்டார். காலை பத்து மணிக்கு இருந்து ஒரு மணிநேரம் பார்க்க வேண்டும். கயிற்றுக்குள் வந்து பூவில் இருக்கும் தேனீ, வண்டு, வண்ணத்துப்பூச்சி, ஈ எல்லாம் கணக்கு. கயிற்றுக்கு வெளியே என்ன பறந்தாலும் கணக்கில்லை. ஒன்றும் வராவிட்டால் சைபர் என்று எழுத வேண்டும், சைபரும் ஒரு முடிவுதான் என்றார். கழுத்தில் தொங்கவிட ஒரு பூதக்கண்ணாடியும் தந்தார். அதைப் போட்டுக்கொண்டு நான் அன்று முழுக்கக் கழற்றவில்லை.

பத்து மணிக்கு நான் போய்க் குந்தும்போது அந்தப் பாத்தியில் பச்சைத் தண்டுகள் மட்டும் நின்றன. பூவெல்லாம் வீட்டில், சாமித் தட்டில், பிள்ளையாரின் கழுத்தளவுக்குக் குவிந்து கிடந்தன. இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். நானே சேர்ந்து பிடுங்கியவள்தானே. ஆனால் காலையில் சாமியின் வேலை, பத்து மணிக்கு அறிவியலின் வேலை, இரண்டும் என் மண்டையில் வேறு வேறு அறையில் இருந்தன. நடுவில் கதவு இருக்கவில்லை. அம்மாவின் பூசணிப் பூவுக்குள் மயிர் மண்டிய கொழுத்த வண்டு ஒன்று தலைகீழாக இறங்கி மகரந்தத்தில் உருண்டதை நான் என் கண்ணாலே கண்டேன். கயிற்றுக்கு வெளியே என்பதால் நேர்மையாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு மணிநேரம் முடிந்தது. சைபர் என்று அழகாக எழுதினேன்.

அடுத்த வாரமும் சைபர், அதற்கடுத்த வாரமும் சைபர். வாசலில் இருந்த அறிவித்தல் பலகையில் ஒவ்வொரு தோட்டத்தின் முடிவையும் ஒட்டியிருந்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் பெரிய பெரிய எண்கள். எங்களுடையது மட்டும் உருண்டையாக, தெளிவாக, யாரோடும் சேராமல் நின்றது. அதனால் எனக்கு அது பிடித்திருந்தது.

மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. பூச்சி வராத தோட்டம் என்றால் அவர்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான், மருந்து அடிக்கிறார்கள். சங்கத்தில் மருந்து அடிப்பது பெரிய குற்றம். ஒரு பின்னேரம் சங்கத் தலைவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்து அம்மையாரோடு எங்கள் வாசலுக்கு வந்தார். மரியாதையான மனிதர். சுற்றி வளைத்துத்தான் கேட்டார். எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளர் நான் என்பதால் சுற்றை எல்லாம் வெட்டிவிட்டு, "அப்பா, நீங்கள் நஞ்சு அடிக்கிறீங்களோ எண்டு கேக்கினம்" என்றேன்.

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. குளிக்காமல் அந்தப் பாத்தியில் காலே வைக்காத மனிதர் அவர். இல்லை என்று சொல்லச் சொன்னார், சொன்னேன். அப்படியானால் பூச்சி ஏன் வரவில்லை என்று அவர்கள் கேட்டார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தார். பிறகு பாத்தியைப் பார்த்தார். தண்டுகளை ஒவ்வொன்றாக அவர் பார்த்துக்கொண்டு போனது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ஏதோ சொல்ல வாய் எடுத்தவரை அப்பா தடுத்தார். "மருந்து அடிக்கேல்லை எண்டு மட்டும் சொல்லு பிள்ளை. மிச்சம் அவைக்கு வேண்டாம்."

அதற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி போட்டபோது புகைமணி அடித்து, கீழ்வீட்டுக்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டு, தலைக்கவசம் போட்ட நாலு பேர் சாமியறை வாசலில் வந்து நின்றார்கள். மாடிப்படி முழுக்க ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். அன்றோடு, சாமி விசயம் இந்த நாட்டுக்காரருக்கு விளங்காது, விளக்கப் போனால் நாங்கள்தான் சிரிப்புக்கு ஆளாவோம் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். தலைவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அம்மையார் வந்து என்னோடு சேர்ந்து தானே எண்ணுவார், அதைப் பார்த்துவிட்டு எங்கள் நிலத்தைப் பற்றிச் சங்கம் முடிவு செய்யும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பின்னேரம் அம்மா சமையலறையில் பேச்சைத் தொடங்கினார். நான் மேசையில் இருந்து பூச்சிப் படங்களுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தேன். நாளைக்கு ஒரு நாள் பூவை அப்படியே விடுங்கோ என்று அம்மா கேட்டார். மண்டலம் முறிந்துவிடும் என்றார் அப்பா.

"கொஞ்சப் பூவைப் பிடுங்கிப்போட்டு மிச்சத்துக்கு அரிசி போடலாம்தானே. ஊரிலை பூ இல்லாட்டி அப்பிடித்தானே செய்யிறவை."

"பூ எண்டுதான் நேர்ந்தனான். அரிசி எண்டு நேரேல்லை."

மாமிக்கு அடுத்த கிழமை ஒப்பரேசன் என்பது அம்மாவுக்கும் தெரியும். அம்மாவும் மாமியை நேசித்தவர்தான். சட்டியைத் தேய்த்தார், கழுவினார், கழுவிய சட்டியையே திரும்பவும் தேய்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு இஞ்சை வேறை ஒண்டும் இல்லை" என்றார். நான் ஒருத்தி இருக்கிறேனே என்று எனக்குக் கோபம் வந்தது. அப்பா எழும்பி விறாந்தைப் பக்கம் போய்விட்டார்.

ஞாயிறு விடியலில் அப்பா வழக்கம் போலக் குளித்து, திருநீறு பூசி, கூடையோடு வெளிக்கிட்டார். அவர் முடிவு எதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. நான் சைக்கிளில் ஏறிக்கொண்டேன். அன்று பாத்தி நிறையப் பூ. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் எல்லாம் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று விரிந்திருந்தன. நான் பிடுங்கக் கை நீட்டினேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கயிற்றுக்கு வெளியே நின்றார். ஒரு முறை குனிந்து, ஒரு செவ்வந்தியின் காம்பில் இரண்டு விரலை வைத்தார். வைத்தபடி இருந்துவிட்டு எடுத்துக்கொண்டார். நேரம் போனது. ரயில் ஒன்று போனது. வெயில் வேலிக்கு மேலால் வந்து பாத்தியில் விழுந்தது. எங்கிருந்தோ ஒரு தேனீ வந்து, இரண்டு மூன்று பூவை விசாரித்துவிட்டு, ஒரு மஞ்சள் செவ்வந்தியில் இருந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இன்னும் பத்து மணியாகவில்லை, இது கணக்கில் வராது என்று நான் அவருக்கு விளக்கினேன். அப்பா, "வா பிள்ளை, போவம்" என்றார். வெறும் கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு, சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே நடந்தார். சைக்கிளுக்குக் காற்று போய்விட்டது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, கையில் ஒன்றும் இல்லாமல் நூற்றெட்டுப் பெயரையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மன் கடைகள் பூட்டியிருப்பது போலப் பிள்ளையாருக்கும் இன்று விடுமுறை போலும் என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்று மாமிக்குத் தொலைபேசி எடுக்கவில்லை.

பத்து மணிக்கு அம்மையார் மடிப்புக் கதிரையோடு வந்தார். பாத்தி முழுக்க இரைச்சல். தேனீ, குளவி போல வேடம் போட்ட ஈ, கொழுத்த வண்டுகள், வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குக் கோடு போட்டு மாளவில்லை. அம்மா கத்தரிப் பாத்திக்குள் குனிந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணிநேரம் முடிந்ததும் அம்மையார் எழுந்து போய் அம்மாவின் மண் படிந்த கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மா சிரித்தார், உடனேயே அழுதார். இது அருமையான தோட்டம், பிள்ளைக்குத்தான் இன்னும் பார்க்கப் பழக்கமில்லை, அதனால்தான் அத்தனை சைபர் என்று அம்மையார் சொன்னார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த கிழமை மாமியின் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. அப்பா வேலைத்தலத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். சில நாள் கழித்து, வீட்டுக்கு விடலாம் என்று டாக்குத்தர்மார் பேசிக்கொண்டிருந்தபோது, மாமி நித்திரையிலேயே போய்விட்டார்.

எங்கள் வீட்டுக்குச் சனம் வந்தது. கதிரை போதாமல் நிலத்திலும் இருந்தார்கள். ஆண்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு விதி என்றார்கள், வயது என்றார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

இன்று நான் ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதய ஒப்பரேசனுக்குப் பிறகு ஒருவர் ஏன் திடீரென்று இறக்கிறார் என்று எனக்குப் பாடத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதில் செவ்வந்திக்கு ஒரு பங்கும் இல்லை. அது அப்பாவுக்கும் தெரியும், அவர் ஒன்றும் தெரியாத மனிதர் அல்ல. ஆனால் அது தெரிந்திருப்பதால் மட்டும் மனம் ஆறிவிடுவதில்லை.

சாவுத் துடக்குக் காலம் முடிந்து சாமியறை திறந்த பிறகு அப்பா தோட்டத்தில் பூப் பிடுங்கவில்லை. அவர் கூடாது என்று ஒதுக்கிய கடைப் பூவே, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ரோசா, வெள்ளிக்கிழமைகளில் வந்தது. தோட்டம் எங்களுக்கே என்று உறுதியாகிவிட்டிருந்தது. அடுத்த வசந்தத்தில் அப்பா அதே பாத்தியைக் கொத்தி, அதே செவ்வந்தியையும் சீனியாவையும் நட்டு, தண்ணீர் விட்டு வளர்த்தார். பூத்தன, முற்றின, செடியிலேயே காய்ந்து விதையாகின. எல்லாவற்றையும் பூச்சிகள் அனுபவித்தன.

எனக்கு அப்போதுதான் அந்த இரண்டு அறைக்கும் நடுவில் கதவு திறந்தது. என் சைபர்கள் எல்லாம் சரியான சைபர்கள். நான் பார்க்கத் தெரியாதவள் அல்ல. ஓடிப் போய் அம்மையாரிடம் வழக்காடினேன். போன வருடம் அப்பா விடியலிலேயே பூவையெல்லாம் சாமிக்குப் பிடுங்கிவிடுவார், அதனால்தான் பூச்சி வரவில்லை, இப்போது அவர் பூச்சிகளுக்காகப் பிடுங்குவதையே விட்டுவிட்டார் என்று விளக்கினேன். அம்மையார் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். என்னிடம் மன்னிப்பும் கேட்டார். அதோடு என் மானம் மீண்டது.

அந்தக் கோடையில் சங்கத்தின் விழா நடந்தது. புல்வெளியில் நீள மேசைகள் போட்டு, ஆட்கள் கேக்கும் சொசேச்சும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மையார் எழுந்து கரண்டியால் கோப்பையைத் தட்டினார். தன் கடவுளுக்கு வைத்திருந்த பூக்களைத் தேனீக்களுக்காக விட்டுக்கொடுத்த ஒருவர் நம்மிடையே இருக்கிறார் என்று சொல்லி, அப்பாவை முன்னால் அழைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அப்பாவை மரியாதையோடு பார்த்தார்கள். தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு போத்தல் தேனை நீட்டினார்.

மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னேன். "அப்பா, தேனீக்களுக்காக நீங்கள் பூவை விட்டுக்குடுத்தது பெரிய விசயமாம்."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா தலை நிமிரவில்லை. அப்பா இரண்டு கையாலும் தேனை வாங்கிக்கொண்டு, "ஓம்" என்றார். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, அவர்களுக்கு என்ன சொல்ல என்று கேட்டேன். நன்றி என்று சொல்லச் சொன்னார். இவ்வளவு பேர் எழுந்து நின்று கைதட்டியிருக்க, வெறும் நன்றி எனக்குப் போதவில்லை. தேனீக்கள் எங்கள் தோட்டத்துக்கு வருவதைப் பார்க்கும்போதெல்லாம் என் அப்பாவுக்கு மனம் நிறைகிறது என்று நானாகவே சேர்த்து, நல்ல ஜெர்மனில் சொன்னேன்.